ஒரே கழிப்பறை

ஊரார் வீட்டுக் கழிவுக்குழாய் அடைப்பையெல்லாம் எடுத்துவிட்ட பிளம்பருக்குச் சொந்த வயிறு பகையாகிவிட்டது. நுரையீரல் புற்றுக்குத் தினமும் ஒரு மாத்திரை. கட்டியைக் குறிவைத்து அடிக்கும் என்றார் டாக்டர். அடிக்கத்தான் செய்தது, கட்டி சுருங்கியது. கூடவே குடலையும் அடித்தது. வாயெல்லாம் புண், ஓயாத பேதி.

கல்யாணம் ஆகாதவர், அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்தார். மொத்த வீட்டுக்கும் ஒரே கழிப்பறை. அண்ணிக்கும் அவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். காலையில் கதவு இடிபடும்.

"உள்ளயே குடியிருக்கீங்களா? எனக்கு வேலைக்கு நேரமாச்சு!"

"வரேன், உயிர வாங்காதீங்க!"

"டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"என் வயிறு. உங்களுக்கென்ன வந்துச்சு?"

அவர் சொல்லவே இல்லை. சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், கட்டி மறுபடி தலைதூக்கும் என்று உள்ளூர நடுங்கினார். அந்த நடுக்கம் வெளியே எரிச்சலாகத்தான் வந்தது. வேலைக்குப் போன ஒரு வீட்டில் கழிப்பறைக்குப் போகலாமா என்று கேட்க, வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார். இவர் பாதி மாட்டிய குழாயை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டார். குடித்தால்தானே போகிறது என்று தண்ணீரையும் குறைத்தார்.

ஒரு விடுமுறை நாள் மதியம், கழிப்பறைக்குள்ளேயே கண் இருட்டிச் சரிந்தார். அண்ணி தட்டிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். பதிலுக்கு ஒரு வசவுகூட வராததில்தான் அவளுக்குப் பகீரென்றது. அண்ணனைக் கூப்பிட்டுக் கதவை உடைக்க வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒன்றையும் மறைக்காமல் போட்டு உடைத்தாள்.

"ஒரு மாசமா இதே கதைதான் டாக்டர். கேட்டா சண்டைக்கு வர்றாரு."

டாக்டருக்குக் கோபம். "இந்த மாத்திரைக்குப் பேதி வரும்னு சொன்னேன்ல? வந்தா உடனே சொல்லணும்னும் சொன்னேன். உடம்புல தண்ணியே இல்ல. இன்னும் விட்டிருந்தா சிறுநீரகமே போயிருக்கும்!"

"நிறுத்திடுவீங்களே..."

"கொஞ்ச நாள் நிறுத்துவோம், அப்புறம் அளவைக் குறைச்சுக் கொடுப்போம். அதுக்குள்ள கட்டி ஓடி வந்துடாது."

குளுக்கோஸ் ஏறியது. பேதிக்கு மாத்திரை, வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்க மருந்து. இரண்டும் வேலை செய்தன. தெம்பு வந்ததும் முதல் வேலையாக அண்ணியிடம் பாய்ந்தார்.

"அத்தனை பேர் முன்னாடி என் மானத்த வாங்கிட்டீங்க!"

"ஆமா, வாங்கினேன். இப்ப என்ன?"

பிறகு இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த பரிசோதனையில் கட்டி வளராமல் இருந்தது. "வயிறு எப்படி?" என்று டாக்டர் கேட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள்.

"அவரக் கேக்காதீங்க, பொய் சொல்வாரு. நேத்து ரெண்டு தடவை."

பிளம்பர் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். மூன்று தடவை என்று திருத்தத்தான் வேண்டியிருந்தது.