மூன்று ஞாயிறு பச்சைத் தண்ணீர்

இலங்கையில், கஹவத்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் பேக்டரியில் நான் எலக்ட்ரீசியனாக இருந்தேன். ஏரியலைக் கண்டால் இராணுவம் சந்தேகப்படும் என்பதால், போர்நிறுத்தம் வந்த பிறகுதான் குவார்ட்டஸ் வீட்டுக் கூரையிலிருந்து பலா மரத்துக்கு ஏரியல் கம்பி கட்டும் துணிவு வந்தது. பொழுதுபோக்காக வயர்லெஸ் வைத்திருக்கும் ஹாம் ரேடியோக்காரர்கள் பேசிக்கொள்வதைக் கேட்பது என் பைத்தியம். கேட்பது மட்டும்தான், பேச லைசன்ஸ் இல்லை. ஞாயிறு காலையில் தமிழ்நாட்டுக்காரர்கள் சிலர் வானிலையையும் வயிற்றுவலியையும் பற்றிப் பேசுவது தெளிவாக விழும்.

ஒரு ஞாயிறு அவர்கள் குரலின் மேல் 'கர்ர்ர்' என்று ஓர் இரைச்சல் ஏறியது. சற்று நின்றது, மறுபடி வந்தது. சின்ன டிரான்சிஸ்டரைக் கையில் பிடித்து வீடெங்கும் நடந்தேன். சமையலறைச் சுவரருகே போனதும் அது அலறியது. சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த குவார்ட்டஸில் இருக்கும் தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கரின் குளியலறை. மூட்டுவலிக்காக அவர் புதிதாக ஹீட்டர் பூட்டியது எனக்குத் தெரியும். பூட்டிக்கொடுத்தவனே நான்தான்.

போய் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர், உடனே ஹீட்டரை அணைத்தார். இரைச்சலும் நின்றது. தொழில் தெரிந்தவன் என்ற தோரணையில் தலையை ஆட்டினேன். ஞாயிறு காலையில் மட்டும் ஹீட்டரைப் போடாமல் இருக்க ஒப்புக்கொண்டார். மாதா கோயில் பூசைக்குப் போகுமுன் குளிப்பது அவர் வழக்கம். அந்த மலைத் தண்ணீரில் அவர் போடும் முனகல் சுவர் தாண்டிக் கேட்கும். இரைச்சல் என்னவோ இடையிடையே வரத்தான் செய்தது. மனிதர் ரகசியமாக ஹீட்டர் போடுகிறார் என்றே நினைத்தேன்.

மூன்று ஞாயிறு இப்படிப் போயிற்று. நாலாம் ஞாயிறு அவர் குடும்பத்தோடு மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அன்றும் 'கர்ர்ர்'. மனைவியிடம் புலம்பினேன்.

"அவங்க மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டுத்தாங்க போனாங்க. நம்ம வீட்டு மெயின ஆஃப் பண்ணிப் பாத்தீங்களா?" என்றாள்.

பார்க்கவில்லை. முதலில் செய்யவேண்டியதே அதுதான். ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு மெயினை அணைத்தேன். இரைச்சல் சட்டென்று நின்றது. மறுபடி போட்டுவிட்டு ஒவ்வொரு பிளக்காகக் கழற்றியதில், கடைசியில் சமையலறைச் சுவரோரம் இருந்த அட்டைப்பெட்டி மிஞ்சியது. ஹீட்டர் பூட்டிய அதே வாரம் மனைவி வாங்கிய பதினைந்து கோழிக்குஞ்சுகள் அதில் இருந்தன. அவற்றுக்குச் சூடு தரும் பல்பு தானாக எரிந்து அணைய, துணி தேய்க்கும் பழைய ஐயனிலிருந்து எடுத்த தெர்மோஸ்டாட்டை நானே வைத்துக் கட்டியிருந்தேன். அதன் முனைகள் கருகி, பல்பு எரியும்போதும் அணையும்போதும் பொறி கக்கிக்கொண்டிருந்தன. கிளாக்கர் ஹீட்டரை அணைத்த அதே நேரத்தில் குஞ்சுகளுக்குச் சூடு போதுமாகி, பல்பும் தானாக அணைந்திருக்கிறது.

முனைகளைத் தேய்த்து, பொறியை அடக்க ஒரு கெப்பாசிட்டரும் வைத்துச் சரிசெய்தேன். அவரிடம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். மனைவி விடவில்லை. மாலையில் அவர் வந்ததும் போய் ஒப்புக்கொண்டேன். அவர் முழங்காலைத் தடவியபடி முழுதும் கேட்டார்.

"அப்ப நான் மூணு ஞாயித்துக்கிழமையா பச்சத் தண்ணியில குளிச்சது, ஒங்க கோழிக்குஞ்சு குளிர்காயத்தானா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அடுத்த ஞாயிறு அவர் சுடுதண்ணீரில் ஒரு மணி நேரம் குளித்தார், கீதங்களை உரத்த குரலில் பாடிக்கொண்டே. ரேடியோவில் ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை. சுவரைத் தட்டவும் எனக்கு முகம் இல்லை.