சுவர் வழியே வந்த அடி

எந்த ஊரும் என்னை ஒரு வருடத்துக்கு மேல் வைத்துக்கொண்டதில்லை. ஓசூர், திருப்பூர், பெங்களூர் என்று கம்பெனி கம்பெனியாகத் தாண்டி, நாற்பது முடியப்போகிற வயதில், ஒரே ஒரு பையோடு அப்பாவின் ஒற்றை அறையில் வந்து விழுந்தேன். பாப்பிரெட்டிப்பட்டிக்கு வெளியே, சித்தேரி மலை கண்ணுக்கு நேராக நின்று வெயிலைத் திருப்பி அடிக்கிற இடம். அறுபது தாண்டியவர்களுக்காக ஓர் அறக்கட்டளை குறைந்த வாடகைக்கு விட்டிருந்த ஏழு வீடுகள், ஒன்றன் முதுகில் ஒன்று சாய்ந்தபடி ஒரே வரிசையில் இருந்தன. வீடென்றால் ஓர் அறையும் அடுப்பு மேடையும்தான். குழாயும் கக்கூஸும் வரிசையின் கடைசியில், எல்லாருக்கும் பொது. அப்பா மூன்றாம் வீடு. கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். சொட்டு மருந்து விட ஆள் வேண்டும் என்பதால் என்னைத் தங்க விட்டார்கள்.

வந்த முதல் நாள் விடியலில் தலைமாட்டுச் சுவர் பேசியது. டக், டக், டக். அப்பா படுத்தபடியே கையை நீட்டி எதிர்ச் சுவரில் மூன்று தட்டு தட்டினார். அது நான்காம் வீட்டுக்கு. அங்கிருந்து ஐந்துக்கு, ஆறுக்கு. கடைசியில் ஏழாம் வீட்டு அம்மா சாப்பாட்டுத் தட்டை எடுத்துக் கரண்டியால் ணங்கென்று அடித்தாள்.

"என்னப்பா இது?"

"எல்லாரும் உசுரோட இருக்கோம்னு அர்த்தம் கண்ணு. இப்ப எந்திரிச்சுக் காப்பி வெக்கலாம்."

முன்பு இரண்டாம் வீட்டில் இருந்தவர் செத்து, வாடை வந்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்கே தெரிந்ததாம். அந்த வாடை சுவரை விட்டுப் போக நாளானது. அதற்கப்புறம் ஏற்பட்ட வழக்கம் இது. முதல் வீட்டில் இருந்தவர் லாரி ஓட்டி ஓய்ந்தவர், எல்லாருக்கும் அவர் டிரைவர்தான். அவர்தான் தினமும் தொடங்கிவைப்பார். தட்டு பதிலில்லாமல் எங்கே நிற்கிறதோ அந்த வீட்டுக் கதவை உடைக்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்கள்.

செத்தவரின் இரண்டாம் வீட்டுக்குத்தான், எல்லாரும் பெரியம்மா என்று கூப்பிடுகிறவள் குடி வந்திருந்தாள். ஒடிசலான, கறுத்த உடம்பு. இடது காது கேட்காது. மகன் அறைந்ததில் போனது. அதை அவள் மழை பெய்ததைச் சொல்வது போலத்தான் சொல்வாள். மகன் வீட்டில் அவளுக்கு ஆட்டுக் கொட்டகையில் படுக்கை. அங்கிருந்து ஒரு விடியலில் துணி மூட்டையோடு நடந்தே இங்கே வந்தவள்.

"இந்த ரூமுல காலை நீட்டினா எந்த ஆடும் மிதிக்கறதில்ல அம்மணி" என்று என்னிடம் சொன்னாள். "செத்தாலும் இங்கதான். வேற எங்கயும் போக மாட்டேன்."

பகலில் எல்லாரும் தகரக் கொட்டகையின் கீழ் உட்கார்ந்து புளி தட்டுவார்கள். மலையிலிருந்து இறங்குகிற புளியை மண்டிக்காரர் மூட்டையாகத் தள்ளிவிட்டுப் போவார். ஓட்டை நொறுக்கி, நாரை உரித்து, பழத்தைக் கீறிக் கொட்டையை வெளியே அடித்துத் தள்ள வேண்டும். ஆளுக்கொரு கல், ஆளுக்கொரு சின்னச் சுத்தியல். எழுபது வயது மணிக்கட்டுகள் ஓங்கி ஓங்கி இறங்குவதைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கும். அத்தனை வருடத்துக் கோபமும் அந்தக் கொட்டைகள் மேல் விழுவது போல இருக்கும்.

அப்படித் தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் பெரியம்மாவின் மகன் வந்தான். ஐம்பதை நெருங்கிய ஆள், வெள்ளைச் சட்டை. பைக்கை அணைக்கக்கூட இல்லை.

"ஏம்மா, கெளம்பு."

அவள் கேட்கிற காதைத் திருப்பினாள். "எங்கடா?"

"நம்மூட்டுக்குத்தான். ஞாயித்துக்கெழம பாப்பாவைப் பாக்க வராங்க. பொண்ணோட அப்பனைப் பெத்தவ எங்கன்னு கேட்டா, அனாத லைன்ல கெடக்கறாள்னு சொல்லட்டுமா? ஏற்கனவே ஒரு எடம் அதனாலயே தட்டிப் போச்சு."

"செத்துட்டாள்னு சொல்லு. நீ பாதி கொன்னவன்தானே."

டிரைவர் புளியிலிருந்து தலையை எடுக்காமல், "காட்டறதுக்கு ஒரு கெழவிதான் வேணும்னா ஏழாம் வூட்டுல ஒண்ணு சும்மா இருக்குதுப்பா. ஓட்டிக்கிட்டுப் போ. பல்லு மட்டும் கெடையாது" என்றார்.

"எம் பல்லை எண்ணிக்கிட்டே ஓட்டித்தான உன் லாரி பள்ளத்துல போச்சு" என்றாள் ஏழாம் வீட்டு அம்மா. கழுத்தில் ஜெபமாலை, வாயில் எப்போதும் வெற்றிலை. "நான் வந்தா மாப்ள வூட்டாருக்கு வெச்ச கேசரிய நானே தின்னுப்புடுவேன் சாமி, பரவால்லியா?"

கொட்டகையே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. ஒரே உதையில் புளிக் குவியலைச் சிதறடித்தான். பெரியம்மாவின் குடத்தைத் தூக்கி அவள் காலடியில் போட்டு மிதித்து நசுக்கினான். அப்பா சுத்தியலோடு எழுந்தார். பெரியம்மா அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"வேணாங்கண்ணா. எனக்கு வூடு போயிடும்."

அதுதான் சங்கதி. வாரத்துக்கொரு முறை தர்மபுரியிலிருந்து வரும் அறக்கட்டளை மேனேஜர் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் போவார்: இங்கே அடிதடி, போலீஸ் என்று ஏதாவது வந்தால், யாரால் வந்ததோ அவர் அன்றைக்கே அறையைக் காலி செய்ய வேண்டும். மகனுக்கும் அது தெரிந்திருந்தது. போகும்போது, "ஒரு சண்டை போதும். உன் மூட்டையை அவனுங்களே தூக்கி வெளிய வெப்பானுங்க" என்றான்.

அன்று மாலை கொட்டகையில் முடிவெடுத்தார்கள்: அவன் வந்தால் யாரும் வாய் திறப்பதில்லை, கை நீட்டுவதில்லை, பெரியம்மா கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியது. எல்லாருடைய ஆதரவும் அவளுக்குத்தான். அந்த ஆதரவு, அடி வாங்கினாலும் சும்மா இருப்பது என்கிற வடிவத்துக்கு வந்திருந்தது. என் பற்கள் ஒன்றை ஒன்று கடித்தன. ஆனால் அது என் வீடு இல்லை.

வெள்ளிக்கிழமை விடியல். வெளிச்சம் இன்னும் மலையைத் தாண்டவில்லை. குழாயில் தண்ணீர் விடுகிற நேரம், பெரியம்மா புதுக் குடத்தோடு கதவைத் திறந்திருக்கிறாள். அவன் சுவரோரமாக ஒட்டி நின்றிருக்கிறான். அவளை உள்ளே தள்ளி, வாயில் துண்டைத் திணித்து, தாழ்ப்பாளைப் போட்டிருக்கிறான். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

எங்களுக்குத் தெரிந்தது சுவர் மட்டும்தான்.

டக். டக். டக்.

அப்பா கட்டுப் போட்ட கண்ணோடு புரண்டு, கையை நீட்டி, நான்காம் வீட்டுச் சுவரில் மூன்று தட்டு தட்டினார். நான்கு ஐந்துக்குத் தட்டியது. ஐந்து ஆறுக்கு. ஏழாம் வீட்டில் தட்டு ணங்கென்று ஒலித்தது. எல்லாரும் உயிரோடு இருக்கிறோம்.

உடனே மறுபடியும். இந்த முறை கனமாக, சுவர்க்காரை உதிரும்படி.

"டிரைவருக்கு இன்னைக்கு ஏதோ குஷி" என்று அப்பா சிரித்தார். மறுபடியும் தட்டி அனுப்பினார். வரிசை முழுக்க அந்த அடி நடந்துபோனது. ஒவ்வொரு கிழக் கையும் அதை வாங்கி, அன்பாக, அடுத்த கைக்குக் கொடுத்தது. தட்டு ஒலித்தது.

வெளியே டிரைவரின் குரல். கக்கூஸ் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார்.

"யார்ரா அது எனக்கு முன்னாடி தட்டறது? நான் இன்னும் வூட்டுக்கே போவல!"

அப்பா எழுந்து உட்கார்ந்தார். நீட்டிய கை சுவரிலேயே நின்றுவிட்டது. முதல் வீடு தொடங்கவில்லை என்றால் இது இரண்டாம் வீட்டில் தொடங்கியது. ஆனால் இது அவள் தட்டுகிற தட்டு இல்லை. அவர் என்னைப் பார்த்தார், கட்டு இல்லாத ஒற்றைக் கண்ணால். பிறகு படுக்கையின் ஓரத்தில் வாந்தி எடுத்தார்.

"ஐயோ கண்ணு, நான் அதை வாங்கி வாங்கி அனுப்பிக்கிட்டு இருந்தேனே."

யார் அம்மிக் குழவியை எடுத்தது என்று தெரியாது, இரண்டாம் வீட்டுக் கதவில் இறங்கியது. பலகை பிளந்தது. இன்னொரு அடியில் கதவே கீலோடு உள்ளே சாய்ந்தது. உள்ளே அவன் ஒரு கையில் அவள் கொண்டையைப் பிடித்திருந்தான். அப்பாவின் தலைமாட்டுச் சுவருடைய இந்தப் பக்கத்தில், வெள்ளைச் சுண்ணாம்பின் மேல், ஒரு சாண் அகலத்துக்கு அவள் ரத்தம். எங்களைப் பார்த்தும் அவன் கொண்டையை விடவில்லை.

ஏழாம் வீட்டு அம்மா ஓடி வந்தாள். "ஏசுவே, ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் திரும்பிக்க" என்று சொல்லி, கைப்பிடி மிளகாய்ப் பொடியை அவன் முகத்தில் அறைந்தாள்.

அதன் பிறகு நடந்ததை அழகாகச் சொல்ல எனக்குத் தெரியும். சொல்லப் போவதில்லை. அவனை வெளியே இழுத்துப் போட்டோம். புளிச் சுத்தியல்கள் வந்தன. சாமி கும்பிடும் கைகள், மாத்திரை எடுக்கும்போது நடுங்கும் கைகள், அன்றைக்கு நடுங்கவில்லை. முதுகில், தோளில், முழங்கையில். ஒருவர் அடித்து மூச்சு வாங்கினால் அடுத்தவர் இடத்தைப் பிடித்தார். நானும் அடித்தேன். என் கையில் இருந்தது அவன் மிதித்து நசுக்கிய பழைய குடம். அடிக்க அடிக்க உடம்புக்குள் ஏதோ ஒரு கதவு திறந்து காற்று வந்தது. அந்தக் காற்று நன்றாக இருந்தது. அதுதான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாதது.

டிரைவர் சுத்தியலை அவன் தலைக்கு மேல் ஓங்கினார்.

"தலையில வேணாங்க."

பெரியம்மா நிலைப்படியைப் பிடித்து நின்றிருந்தாள். ரத்தம் புருவத்தில் தேங்கி வழிந்தது. வாயிலிருந்த துண்டை அவளே உருவியிருந்தாள். எல்லாரும் அப்படியே நின்றோம். பெற்ற மனசு என்று நான் நினைத்தேன்.

"கால்ல அடிங்க. அதுலதான் வரான்."

டிரைவர் அப்படியே செய்தார். எலும்பு முறிகிற சத்தம், காய்ந்த புளியங்காய் உடைகிற சத்தத்தைவிட ஈரமாக இருந்தது.

ஆம்புலன்ஸ் இருவரையும் ஒரே வண்டியில் தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது. ஸ்ட்ரெச்சரில் மகன், எதிரே பெஞ்சில் தாய். வழி நெடுக ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

ஸ்டேஷனில் பஞ்சாயத்து திங்கட்கிழமை நடந்தது. காலில் மாவுக் கட்டோடு அவன், தலையில் கட்டோடு பெரியம்மா, பக்கத்தில் மேனேஜர், அப்புறம் நாங்கள். எஸ்.ஐ. டிரைவரைக் கேட்டார்.

"இவன் காலை ஒடைச்சது யாரு?"

"கதவு விழுந்துச்சுங்க."

"கதவு எத்தனை தடவை விழுந்துச்சு?"

"பழைய கதவுங்க ஐயா. விழுந்துக்கிட்டே இருந்துச்சு."

எஸ்.ஐ. கீழே குனிந்து மீசையைத் தடவினார். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பெரியம்மாவிடம் நேராகச் சொன்னார்: "இங்க பாருங்கம்மா. நீங்க கம்ப்ளைண்ட் குடுத்தா, வெளியாள் உள்ள நொழைஞ்சு அடிச்சான்னு ஆகும், ரூம் உங்களுக்குத்தான். சமாதானம் பேசினீங்கன்னா ஒங்க குடும்பத் தகராறு, ஒங்களால வந்தது. நாளைக்கே காலி பண்ணணும்."

ஆக, அறையா மகனா என்று ஆனது. அவன் மனைவி வாசலிலேயே அழுது அரற்றத் தொடங்கினாள். ஜெயிலுக்குப் போனவன் மகளை எவன் கட்டுவான் என்றாள். மண்ணை வாரித் தூற்றினாள். பேத்தி மட்டும் உள்ளே வந்தாள். இருபது வயதிருக்கும். பாட்டியின் எதிரில் இடப்பக்கமாக நின்று, அருகிலிருந்த எனக்கு மட்டும் எட்டிய குரலில், "நீ அன்னைக்கே செத்திருந்தா எல்லாருக்கும் நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

சொன்னது கேட்காத காதின் பக்கம் நின்று. ஆனாலும் பெரியம்மா உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டி அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொடப் போனாள். அவள் தட்டிவிட்டாள். தட்டிய வேகத்தில் வளையல் ஒன்று உடைந்து மேசை மேல் சிதறியது.

பெரியம்மா அந்தத் துண்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எஸ்.ஐ. பக்கம் திரும்பினாள்.

"இவன் என் மகன். என்னை அடிச்சான். காதை அடிச்சான், இப்ப மண்டையை அடிச்சான். இவன் இனிமே என் வூட்டுக்கு வரக் கூடாதுங்க. எழுதிக்கங்க." பெருவிரலில் மை தடவி அழுத்தி வைத்தாள்.

அறை அவளுக்கு என்று ஆனது. நாங்கள் வெற்றி பெற்றவர்கள் போலத் திரும்பினோம். ஷேர் ஆட்டோவில் டிரைவர் கதவு விழுந்த கதையை மறுபடி மறுபடி சொன்னார். ஒவ்வொரு முறையும் கதவு இன்னும் ஒரு தடவை விழுந்தது. அப்பாகூடச் சிரித்தார். பெரியம்மா சிரிக்கவில்லை. அவள் எங்கள் கைகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். வெற்றிலை மடித்த கை, பிடிக் கம்பியைப் பற்றியிருந்த கை, மடியில் கிடந்த என் கை.

மறுநாள் இரண்டாம் வீட்டுக்கு இரும்புக் கதவு வந்தது. வெல்டிங் ஆள் உள்பக்கம் ஒரு கனத்த குறுக்குப் பட்டையும் வைத்தான். நாங்கள் சுற்றி நின்று ஆளாளுக்கு யோசனை சொன்னோம். ஏழாம் வீட்டு அம்மா ரசம் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். எல்லாம் முடிந்ததும் பெரியம்மா உள்ளே போனாள்.

"ரசம் ஆறுதுக்கா, வாங்கிக்க" என்றாள் ஏழாம் வீட்டு அம்மா.

"அங்கயே வெச்சுட்டுப் போங்க சாமி. அப்புறமா எடுத்துக்கறேன்."

கதவைச் சாத்தினாள். உள்ளே பட்டை இழுபட்டு, கொக்கியில் விழுந்தது. நாங்கள் வெளியே நின்றுகொண்டிருந்தோம், யாரும் யார் முகத்தையும் பார்க்காமல். ரசத்தின் மேல் தாளித்த எண்ணெய் படலம் கட்டியது.