அத்தை லொறி பழக இடம் தேடிய கதை

எங்கள் தோட்டத்து ரப்பர் ஃபெக்டரியின் லொறி ட்ரைவர் வெளிநாடு போகப்போகிறார் என்ற செய்தி நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்த அன்றே, அந்த ஸ்டியரிங் தனக்குத்தான் என்று அத்தை முடிவு செய்துவிட்டாள். அப்பாவின் தங்கச்சி அவள். காலையில் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுவாள். பின்னேரம் ருவான்வெல்லையில் ஒரு கடைக்காரரின் வேன் ஓட்டுவாள். வேன் லைசன் இருந்தது, லொறிதான் புதுசு. அப்பாவோ அதே லொறியில் பதினைந்து வருடமாகக் கிளீனர். தங்கச்சி ஓட்ட அண்ணன் பக்கத்தில் உட்காருவதா என்று லயமே சிரித்தது.

அப்பா சிரிக்கவில்லை. "ஒரு தடவதான். லைசன் ட்ரயல்ல கோட்ட விட்டேன்னா பேசாம பால் வெட்டிக்கிட்டுக் கெடக்கணும்" என்றார்.

"ஒரு தடவ போதும்ண்ணே" என்றாள் அத்தை. அவளுக்கு வாய் கொஞ்சமா!

அதனால் பழக்குகிற இடம் சரியாக அமைய வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை கேகாலைக்கு பஸ் ஏறினோம். வயசுப் பெண் தனியாகப் போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அம்மா என்னைக் காவலுக்கு அனுப்பினாள். எனக்குப் பத்து வயது. காவல் பஸ்ஸில் இரண்டு முறை வாந்தி எடுத்தது.

ட்ரைவிங் பழக்குகிற முதல் லேனர்ஸில் கண்ணாடிக் கதவு, ஏசி, தட்டு நிறைய டொஃபி. அங்கிருந்தவர் அத்தையைப் பார்த்து, "மஹத்தயா வரலையா நங்கி?" என்று சிங்களத்தில் கேட்டார். புருஷனைச் சேர்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார், பாவம். பழகப்போவது தான்தான் என்று அத்தை அவரைவிட நல்ல சிங்களத்தில் சொன்னாள். "பயப்படாதீங்க, பழக்குற சேர் பக்கத்திலயே இருந்து எல்லாம் பாத்துக்குவார்" என்றார் அவர்.

அத்தை லொறியைக் காட்டச் சொன்னாள். பழகுகிறவர் காலடியில் ஒரு செட் பெடல், பக்கத்தில் சேருக்கு இன்னொரு செட். குனிந்து இரண்டு பக்கத்துப் பெடல் ரப்பரையும் கட்டைவிரலால் தடவினாள். "வா புள்ள, போவோம்" என்றாள். என் கையில் மூன்று டொஃபிதான் இருந்தது.

ரோட்டில் வைத்துச் சொன்னாள்: "சேர் பக்கத்து ரப்பர் வழுவழுன்னு தேஞ்சிருக்கு. பழகுறவங்க பக்கம் புதுசா இருக்கு. அப்ப லொறிய ஓட்டுறது யாரு? புள்ளைங்க ஸ்டியரிங்கப் புடிச்சிக்கிட்டு சும்மா உக்காந்திருக்குதுங்க." ரப்பரைப் பற்றி எங்கள் ஆட்களிடம் பொய் சொல்ல முடியாது.

இரண்டாவது இடம் ஒரு காராஜின் பின்வளவு. உட்காரக் கதிரைகூட இல்லை. ஒரு கிழட்டு லொறியில் இளைஞன் ஒருவன் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தான். சேர் இறங்கி நின்று அவனைக் கண்டபடி ஏசினார். அங்கே பழகுகிறவர் பக்கத்து ரப்பர் மொட்டையாகி ஓரம் கிழிந்திருந்தது. சேர் பக்கத்தில் தூசி. அத்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அங்கேயே பெயர் கொடுத்தாள். எனக்கு மானமே போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கோள் சொன்னேன். "ஏசி உள்ள எடத்த விட்டுட்டு, பெடல் தேஞ்ச ஒடசல் லொறில சேந்துட்டாங்கப்பா!"

அப்பா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எந்தப் பக்கத்துப் பெடல்?"

சொன்னேன். அப்பா அத்தை இருந்த உள்பக்கம் பார்த்து, "அங்கயே பழகட்டும். ஒரு தடவ விட்டாலும் பரவால்ல, மறுபடி போவட்டும்" என்றார்.

அத்தை முதல் தடவையிலேயே பாஸ். இன்றைக்கும் அந்த லொறி அவள் கையில்தான். அப்பாவின் மனதை மாற்றியது என் வாய்ச்சாமர்த்தியம் என்று நான் வருடக்கணக்காகப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

போன வருடம் நான் கார் பழகச் சேர்ந்தபோதுதான் அம்மா சொன்னாள். நான் பிறப்பதற்கு முன் அப்பாவும் லொறி பழகினாராம், பெடலையெல்லாம் சேரே மிதிக்கிற ஒரு இடத்தில். ட்ரயலில் பக்கத்தில் சேரின் கால் இல்லாமல் லொறி ஏற்றத்தில் பின்னால் உருண்டதாம். நாலு தடவை போய் நாலு தடவையும் ஃபெயிலாம். ஒவ்வொரு தடவையும் யார் கண்ணிலும் படாமல் இருட்டின பிறகே லயத்துக்கு வருவாராம்.

ஒரே தடவை என்று அவர் சொன்னதை நான் கெடுபிடி என்றே நினைத்திருந்தேன். தங்கச்சியும் அப்படி வந்து நிற்பதைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்திருக்கிறது.