ஞானசௌந்தரியின் ஏ செக்‌ஷன்

ஞானசௌந்தரிக்கு வந்த பொறாமை காய்ச்சல் மாதிரி வந்துவிட்டுப் போகிற சங்கதி இல்லை. நீலா பள்ளிக்கூடத்தில் வந்து சேர்ந்த அன்றைக்குப் பிடித்தது, பிடித்ததுதான்.

அதற்கு முன்னால் செகந்திராபாத் பக்கத்து ஹப்சிகுடாவின் அந்தச் சர்க்கார் ஆரம்பப் பள்ளியில் மத்தியானச் சாப்பாடு என்றால் ஞானசௌந்தரி டீச்சர்தான். கப்பலில் வந்து இறங்கிய மஞ்சள் சோள மாவை ஆயா உப்புமாவாகக் கிண்டுவாள், டீச்சர் கரண்டியோடு நின்று பரிமாறுவாள். உப்பையும் எண்ணெயையும் தவிர அதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளைகள் தட்டை நீட்டி, "டீச்சரம்மா, இங்கா கொஞ்செம்" என்று இன்னும் கொஞ்சம் கேட்கும்போது அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

வீட்டில் அப்படிக் கேட்க ஆளில்லை. கணவர் ஆர்தருக்கு ராமச்சந்திராபுரம் பக்கம் பொதுத்துறை ஃபாக்டரியில் வேலை. சாயங்காலம் மெட்டுகுடா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு கேன்டீன்ல சாம்பார் என்னமா இருந்துச்சு தெரியுமாட்டி!" என்று ஆரம்பிப்பார். மகன் டேவிட்சன் அம்மா வைத்த புளிக்குழம்பை எட்டிப் பார்த்துவிட்டு, "நக்கோ மம்மி", வேண்டாம் என்று உதறிவிட்டு ஈரானி டீக்கடைக்குக் கிளம்பிவிடுவான். திருநெல்வேலியிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த தகப்பனுக்கு லாலாகுடாவில் பிறந்து, டீச்சர் டிரெயினிங் முடித்து, சர்ச் கொயரில் பாடி, ஒரு பிள்ளையையும் பெற்று வளர்த்தவளுக்கு, தன் கையால் போட்டதை ஆசையாகத் தின்ன அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான் மிச்சம். அதிலும் கை வைக்கத்தான் நீலா வந்தாள்.

நீலா சின்னப் பெண். செகந்திராபாதில் பாட்டன் காலத்திலிருந்து இருக்கிற தமிழ்க் குடும்பம். தெலுங்கும் உருதும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வந்த சூட்டோடு பள்ளிக்குப் பின்னால் கைகழுவுகிற தண்ணீர் ஓடும் இடத்தில் பாத்தி கட்டித் தோட்டக்கூரா விதைத்தாள். அதாவது நம் தண்டுக்கீரை. கீரையும் பாசிப்பருப்பும் போட்டு, எலுமிச்சை பிழிந்து, அதே மஞ்சள் மாவை அவள் ஒரு நாள் கிண்டவைத்தபோது வாசனை தெருவரைக்கும் போயிற்று. ஏ செக்‌ஷன் நாகம்மா, நோஞ்சான் குட்டி, ஞானசௌந்தரிக்கு உயிர், அவள்கூட நீலாவின் வரிசையில் போய் நின்றாள். ஞானசௌந்தரி அன்று ராத்திரி சாப்பிடவில்லை. ஆர்தர் அதைக் கவனிக்கவும் இல்லை.

சேதி எப்படியோ தார்நாகாவுக்குப் போய், அங்கே சத்துணவு ஆராய்ச்சி வேலையில் இருந்த டாக்டர் லலிதாம்பாள் ஒரு நாள் எடை மெஷினோடு ஜீப்பில் வந்து இறங்கினார்.

"மூணாம் கிளாஸ்ல ரெண்டு செக்‌ஷன் இருக்கில்லையா? ஞானசௌந்தரி, உங்க ஏ செக்‌ஷனுக்குப் பழைய உப்புமா. நீலாவோட பி செக்‌ஷனுக்குக் கீரை, பருப்பு போட்டது. இப்ப எடை பார்ப்போம், ஏப்ரல்ல மறுபடி பார்ப்போம். பி பசங்க நல்லாத் தேறினா, ஜூன்லேர்ந்து ஜில்லாவுல எல்லா ஸ்கூலுக்கும் இந்தப் புதுச் சாப்பாடுதான். வித்தியாசம் தெரியலேன்னா, கீரைக்கும் பருப்புக்கும் ஒருத்தரும் பணம் ஒதுக்க மாட்டாங்க" என்றார்.

எல்லாம் விளக்கமாகத்தான் சொன்னார். ஞானசௌந்தரியின் காதில் ஏறியது, ஏ செக்‌ஷன் ஒரு பக்கம், பி செக்‌ஷன் ஒரு பக்கம், நடுவில் எடை மெஷின், அவ்வளவுதான். வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்கு வெளியிலிருந்து ஜீப் வந்தால் அது இன்ஸ்பெக்‌ஷன். இன்ஸ்பெக்‌ஷன் என்றால் தன் வகுப்பு மூக்கறுபடக் கூடாது. வருகிற கேள்விக்கு முந்தின வாரமே பதிலை உருப்போட வைத்து, மக்குப் பையன்களைக் கடைசி பெஞ்சில் ஒளித்து, வாய்ப்பாட்டைப் பாட்டாகப் பாடவைத்து மானத்தைக் காப்பாற்றுவது அவளுக்குக் கைவந்த கலை. இதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் வறுத்த வேர்க்கடலையை முறத்தில் போட்டுத் தோலைப் புடைத்தாள். வெல்லப்பாகு காய்ச்சினாள். சூடு பொறுக்காமல் கையை உதறி உதறி உருண்டை பிடித்தாள்.

டேவிட்சன் ஒன்றை எடுக்கக் கை நீட்டினான். படாரென்று ஒரு அடி விழுந்தது.

"கைக்கு மம்மி?" என்று உருதுவில் ஏன் அடித்தாய் என்றான்.

"உனக்குத்தான் ஈரானி கடை இருக்கே. இது எம் பிள்ளைகளுக்கு."

தினமும் டிராயிங் பீரியடில் கதவைச் சாத்திக்கொண்டு ஏ செக்‌ஷனுக்கு ஆளுக்கு ரெண்டு உருண்டை. நீலா டீச்சரிடம் மூச்சுவிடக் கூடாது என்று கண்டிப்பு. பிள்ளைகள் விடவுமில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு சமர்த்தாக வரைவதுபோல் உட்காருவார்கள். நாகம்மாவின் கன்னத்தில் சதை பிடிப்பதைப் பார்க்கப் பார்க்க ஞானசௌந்தரிக்குச் சந்தோஷம். பி செக்‌ஷன் பிள்ளைகளுக்கும் சதை பிடிக்கிறதே என்று உடனே ஆத்திரம். அன்றைக்கு வீட்டுக்குப் போய் உருண்டையை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் பிடிப்பாள்.

ஏப்ரலில் ஜீப் வந்தது. ஹெட்மாஸ்டர் அறையில் டாக்டர் கணக்குப் போட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு செக்‌ஷனும் ஒரே மாதிரி ஏறியிருக்கு. கீரையாலயோ பருப்பாலயோ தனியா ஒண்ணும் நடக்கலை. பழைய உப்புமாவே போதும்னுதான் நான் எழுதணும். ஸாரி நீலா."

ஞானசௌந்தரிக்கு உள்ளே மேளம் கொட்டியது. இருக்கிற இடம் தெரியாமல் போக வேண்டும் இவள் என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறாள்! நீலா அழுவாள் என்று ஆசையாகத் திரும்பிப் பார்த்தாள்.

நீலா அழவில்லை. "டீச்சர், வெறும் உப்புமாவைப் போட்டே பசங்களை இப்படித் தேத்திட்டீங்களே. உங்க கையில என்னமோ இருக்கு. நான்தான் தெரியாம ஆடிட்டேன். பாவம், ஜில்லாவுல மத்த ஸ்கூல் பசங்களுக்கு உங்களை மாதிரி கை எங்க கிடைக்கும்?" என்றாள். மனசிலிருந்துதான் சொன்னாள்.

அந்த வார்த்தையைக் கேட்க ஞானசௌந்தரி இத்தனை வருஷம் காத்திருந்தாள். ஆர்தர் சொன்னதில்லை. டேவிட்சன் சொன்னதில்லை. சொன்னது யார் பாருங்கள்! மத்த ஸ்கூல் பிள்ளைகளுக்கு யார் கடலை உருண்டை பிடிப்பார்கள்? ஏ செக்‌ஷன் ஜூனில் வேறு டீச்சரிடம் போய்விட்டால் நாகம்மாவுக்குத்தான் யார் பிடிப்பார்கள்? சொல்லாமல் எழுந்து போய்விடலாம். ஜீப் கிளம்பிவிடும்.

"கையில ஒண்ணும் இல்ல நீலா" என்றாள். "கடலை உருண்டை. தெனம் ரெண்டு. கதவைச் சாத்திட்டுக் குடுத்தேன்."

டாக்டர் லலிதாம்பாளுக்கு வந்த கோபத்தில் ஹெட்மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். ஒரு வருஷ உழைப்பு மண்ணாய்ப் போயிற்று என்று டாக்டர் கத்தினார். ஜூனிலிருந்து எல்லாம் முதலிலிருந்து. இரண்டு செக்‌ஷனுக்கும் நீலாதான் பரிமாறுவாள். மத்தியானம் பெல் அடித்தபின் ஞானசௌந்தரி சாப்பாட்டு இடத்தின் பக்கமே வரக் கூடாது. ஞானசௌந்தரி தலையாட்டினாள். நீலா ஏதோ பரிந்து பேச வாயெடுத்தாள். "நீ சும்மா இரு" என்று ஞானசௌந்தரி அவளிடம் மட்டும் சீறினாள்.

அடுத்த முறை எடை சரியாக வந்தது. ஜில்லாப் பள்ளிகளுக்கெல்லாம் கீரையும் பருப்பும் வந்தன. ஊரே அதற்கு நீலா டீச்சர் உப்மா என்று பெயர் வைத்தது. ஞானசௌந்தரி அதன்பிறகு பல வருஷம் வேலை பார்த்து ரிடையர் ஆனாள். அந்த உப்புமாவை ஒரு வாய் தின்றதில்லை. ஆனால் மத்தியானம் தட்டைத் தூக்காமல் வகுப்பில் சுணங்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் கண்டால் விடமாட்டாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தன் வயிறு பற்றி எரிய எரிய, நீலாவின் வரிசையில் நிறுத்திவிட்டு வருவாள்.