கரியாலூர் மலையில் ஒரு ‘ஓனிவா’

கிளேர் டாக்டரம்மா என் ஜீப்பில் ஏறிய முதல் நாள், “ஓனிவா?” என்று கேட்டார். போகலாமா என்று அர்த்தம். “தக்கோர்” என்றேன், சரி என்று. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. கள்ளக்குறிச்சியில் பிரெஞ்சு பேசும் டிரைவர் கிடைப்பான் என்று யார் நினைப்பார்கள்? நான் படித்துக் கிழிக்கவில்லை. பாண்டிச்சேரியில் சில வருஷம் கார் ஓட்டியதில் வாயில் ஒட்டிக்கொண்டது. எழுதச் சொன்னால் முழிப்பேன்.

1. இரண்டு ‘சரி’

கல்வராயன் மலையில் மெடிக்கல் கேம்ப். வண்டி ஓட்டுவதும் நான்தான், பிரெஞ்சைத் தமிழிலும் தமிழைப் பிரெஞ்சிலும் மாற்றிச் சொல்வதும் நான்தான். பிரெஞ்சுக்காரர்களிடம் ‘தக்கோர்’ என்று வாயைத் திறந்துவிட்டால் போச்சு, அடுத்த நிமிஷம் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்கள். நம் ஊர் ‘சரிங்க’ அப்படியா? நீங்கள் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டேன் என்கிற மரியாதை அது. கிளம்புவது வேறு விஷயம்.

2. செல்வி

கரியாலூரைத் தாண்டி ஒரு ஊரில் செல்வி என்ற பெண்ணுக்கு எட்டாம் மாதம். தலைச்சன் பிள்ளை. புருஷன் கேரளாவுக்கு வேலைக்குப் போயிருந்தான். பி.பி. பார்த்ததும் டாக்டரம்மா முகம் மாறியது. “இன்றைக்கே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தாமதித்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து” என்றார். அப்படியே சொன்னேன். மாமியார் சின்னப்பொண்ணு பணிவாகக் கேட்டுவிட்டு, “சரிங்க” என்றார்.

மத்தியானம் கேம்ப் முடிந்து அதே வழியாக வந்தோம். செல்வி வீட்டுக் கட்டிலிலேயே படுத்திருந்தாள். மாமியார் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“இன்னாம்மா, சரின்னு சொல்லிட்டு இங்கியே குந்திக்கினு கீறீங்க?” என்றேன்.

“டாக்டரு சொல்றாங்க, மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியுமா? அம்மாம் பெரிய ஆஸ்பத்திரில எந்தப் பக்கம் போறது, யாரக் கேக்கறது? புள்ளைக்கு ஒண்ணுன்னா, எம்மவனுக்கு நான் இன்னா பதிலு சொல்லுவேன்?”

அதையும் பிரெஞ்சில் சொன்னேன். டாக்டரம்மா கோபப்படவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஓனிவா?” என்றார்.

“நாம எல்லாரும் போலாமான்னு கேக்கறாங்க” என்றேன்.

முறம் நின்றது. “அவங்களும் வராங்களா?”

டாக்டரம்மாவைக் கேட்டேன். “குழந்தை பிறக்கும்வரை கூடவே இருப்பேன்” என்றார்.

“இத மொதல்லியே சொல்லக்கூடாதா நீ? ஏய் செல்வி, எழுந்திரு. போலாம்.”

எனக்கல்லவா விழுந்தது திட்டு!

3. வார்டு வாசல்

வளைவுகளில் ஜீப்பைக் குலுக்காமல் இறக்குவதற்குள் என் உயிர் போய் வந்தது. பின்னால் டாக்டரம்மா மடியில் செல்வி தலை வைத்துப் படுத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் வார்டு வாசலில், சொந்தக்காரர்கள் மட்டும் இருக்கலாம் என்று ஆயாம்மா டாக்டரம்மாவை நிறுத்தினார்.

சின்னப்பொண்ணு டாக்டரம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். “எங்க வூட்டுப் பொண்ணுதான், வுடும்மா!”

சிவந்த முகம், பழுப்பு முடி. ஆயாம்மா மேலும் கீழும் பார்த்துவிட்டு வழிவிட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தாயும் பெண் குழந்தையும் பிழைத்தார்கள்.

அதற்குப் பிறகு கேம்பில் நான் யாரிடமும் ‘ஆஸ்பத்திரிக்குப் போங்க’ என்று சொன்னதில்லை. ‘வாங்க, போலாம்’ என்றுதான் சொல்வேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், அப்படிச் சொன்னால் கூடப் போயாக வேண்டும்.