மாப்பிள்ளை இல்லாத சீதனம்

"அவங்கட சேர்ச் ஐயர் முழங்காலில நிக்கிறார். பெட்டை சன்னலைப் பாத்துக்கொண்டு நிக்கிறாள். அவ்வளவுதான். மிச்சம் நாளைக்கு."

சொல்லிவிட்டுச் சுதாஜினி சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொள்கிறாள். ஆடைத் தொழிற்சாலையின் கேற்றுக்கு முன்னால் பஸ் நிற்கிறது. உள்ளே இருக்கும் முப்பது பெண்களும் ஒரே குரலில் அவளைத் திட்டுகிறார்கள். கட்டச் சொல்லிக் கேட்ட ஐயருக்கு அந்தப் பெட்டை ஓமென்றாளா இல்லையென்றாளா என்று தெரியாமல் ஒரு முழு நாள் எப்படித் தைப்பது? அவள் அசையமாட்டாள். நான்கு வருடமாக இதே அநியாயம்தான்.

காலை ஐந்தே முக்காலுக்கு வட்டக்கச்சிச் சந்தியில் ஏறினால் அவளுக்கு மூன்றாவது சீற், சன்னலோரம். கழுத்தைத் திருப்பாமல், வெளியே வயலைப் பார்த்தபடிதான் கதை சொல்வாள். சொல்வதெல்லாம் நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய இங்கிலாந்துக் கதைகள், கிராமத்து நூலகத்தில் அட்டை கழன்று கிடக்கும் தமிழ் மொழிபெயர்ப்புகள். இரணைமடு வாய்க்காலில் தண்ணீர் முறை வரும்வரை வரம்பில் குந்தியிருந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிப்பாள். கோபம் வந்த பக்கத்தில் ஒரு நெல்லுத்தாளைச் செருகிவிடுவாள். புத்தகம் திரும்பி வரும்போது நூலகர் அதைத் தலைகீழாகப் பிடித்து உதறுவார், அவ்வளவு தாள் விழும்.

அந்தக் காலத்துச் சீமாட்டிகளிடம் அவளுக்கு மரியாதை மட்டு. "வேலை வெட்டி இல்லையடி. காலமை ஒரு தேத்தண்ணி, மத்தியானம் ஒரு கடிதம், பின்னேரம் ஒரு அழுகை." ஆனால் சட்டை என்று வந்துவிட்டால் முகம் மாறிவிடும். நாள் முழுக்கச் சட்டைகளுக்குக் கை பொருத்துகிறவள் அல்லவா! "ஒரு சட்டைக்குப் பன்னிரண்டு யார் துணி. தோளில சுருக்கு வைச்ச கை. அதைத் தைச்சவளைப் பற்றி ஒரு வரி எழுதினாங்களோ? இல்லை." இதைச் சொல்லும்போது மட்டும் திரும்பி எல்லோரையும் பார்ப்பாள்.

இந்த வாரக் கதையில் ஒரு பெரிய வீடு. தகப்பனுக்கு ஆண்பிள்ளை இல்லை. அதனால் அவர் கண்ணை மூடினால் வீடும் வளவும் எங்கேயோ இருக்கிற தூரத்துச் சொந்தக்காரனுக்குப் போய்விடும். வீட்டைப் பார்த்து நடத்துகிற மகள் அவனைக் கட்டினால் உள்ளே இருக்கலாம், கட்டாவிட்டால் வெளியே. அந்தச் சொந்தக்காரன்தான் முழங்காலில் நிற்கிற ஐயர்.

"உது பேமிற் காணியோ அக்கா?" என்றது பின் சீற். "டீ.எஸ். ஒப்பீசில போய் ஒரு கடிதம் குடுக்கேலாதோ?"

"அந்தக் காலத்தில ஏதடி டீ.எஸ்., ஏதடி பிரதேச செயலகம்!"

பஸ் சிரித்துக் குலுங்கியது. சுதாஜினியும் சிரித்தாள், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டாள். காரணம் எல்லோருக்கும் தெரியும்.

அவளுடைய தகப்பன் அப்புத்துரை குடாநாட்டிலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்தவர். அரசாங்கம் கொடுத்த காணி அது: இரண்டு ஏக்கர் வயல், அரை ஏக்கர் வீட்டுக்காணி, பேமிற் என்கிற அனுமதிப்பத்திரம் அவர் பெயரில். யுத்தம் முடிந்து முகாமிலிருந்து திரும்பியபோது கிணற்றுக்குள் பூவரசு முளைத்திருந்தது. அந்தக் கிணற்றை இறைத்தவள், பற்றை வெட்டியவள், வீட்டுத்திட்ட வீட்டுக்குக் கல் சுமந்தவள் சுதாஜினி. நாற்பத்தொரு வயதாகிறது, கலியாணம் கட்டவில்லை. அண்ணன் தயாபரன் அப்போதே பிரான்சில் இருந்தான், இப்போதும் அங்கேதான். இப்போது அப்புத்துரைக்கு எழுபத்தொன்பது. தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் நடக்கும் பிரதேச செயலகத்தின் நடமாடும் சேவையில் எழுதிக்கொடுக்க வேண்டும். ஒரு பெயர்தான் எழுதலாம் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. "பெட்டை கட்டியிருந்தா நான் வீட்டைச் சீதனமா எழுதியிருப்பன். மாப்பிள்ளை இல்லாமல் ஆருக்குச் சீதனம் குடுக்கிறது?" என்று படலையில் நின்று போகிறவர் வருகிறவரிடம் கேட்பார். கேட்பவர்களும் ஓமென்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். தன் வீட்டில் தான் இருக்க ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், இல்லையென்றால் இல்லை! சுதாஜினி அதைப் படலைக்குள் நின்று கேட்பாள், வாய் திறக்கமாட்டாள்.

தயாபரனைக் கெட்டவன் என்று சொல்ல முடிந்தால் விஷயம் சுலபம். அவன் அன்பானவன். "காணி என்ர பேரில கிடக்கட்டும். நீ எங்க போகப்போறாய்? சாகுமட்டும் அதிலயே இரு," என்று போனில் சொன்னான். மனமாரத்தான் சொன்னான். அன்றைக்கு அவள் வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்திலும் ஒரு நல்ல அண்ணன் தன் தங்கைக்கு மாடியில் ஓர் அறை கொடுத்திருந்தான். அண்ணி வந்தாள், அறை சமையல்கட்டுக்குப் பக்கத்தில் இறங்கியது. பிள்ளைகள் பிறந்தன, தங்கை அவர்களுடைய ஆயாவானாள். அந்தப் புத்தகத்தை உதறிய அன்று விழுந்த நெல்லுத்தாள் தூசியில் நூலகர் தும்மித் தள்ளிவிட்டார்.

புதன்கிழமை காலை பஸ்ஸில் அவள் கதை சொல்லவில்லை, கதாநாயகியை வெளுத்து வாங்கினாள். "முந்நூறு பக்கம்! தகப்பன் சாப்பாட்டு மேசையில நேர முன்னுக்கு இருக்கிறார். 'எனக்கு இந்த வீடு வேணும்' எண்டு ஒருக்கா வாயைத் திறந்து கேட்டாளோ? கேக்கேல்லை. பியானோ வாசிக்கிறாள், விசரி!"

முன் சீற்றில் இருந்த கஜனி திரும்பினாள். சுதாஜினியின் பக்கத்து மெசினில் தைக்கிற பிள்ளை, இருபத்தாறு வயது, மனதில் ஒன்றையும் வைத்திருக்கத் தெரியாது.

"அக்கா, நீங்கள் உங்கட அப்பாட்டக் கேட்டனீங்களோ?"

சுதாஜினி சன்னலுக்கு வெளியே பார்த்தாள். காது மடல் சிவந்திருந்தது. மிச்சப் பாதை முழுக்க ஒரு சொல் இல்லை, பின்னேரம் திரும்பி வரும்போதும் இல்லை. தான் அதிகம் கதைத்துவிட்டதாகக் கஜனி அழுதே விட்டாள்.

வியாழக்கிழமை மூன்றாவது சீற் வெறுமையாகப் போனது.

பள்ளிக்கூட மண்டபத்தில் வாங்குகளை அடுக்கி வரிசை போட்டிருந்தார்கள். காணிப்பகுதி மேசைக்கு முன்னால் தகப்பனும் மகளும் போய்ச் சேரப் பதினொரு மணி. உத்தியோகத்தர் படிவத்தைத் தள்ளினார். "உங்களுக்குப் பிறகு காணிக்கு உரித்தான பின்னுரித்தாளரின்ர பேரை இந்தக் கட்டத்தில எழுதிப்போட்டுக் கையெழுத்து வையுங்கோ, ஐயா."

அப்புத்துரை படிவத்தைத் தொடவேயில்லை. மகள் பக்கம் நகர்த்தினார். முகாமிலிருந்து வந்த நாள் முதல் மின்சாரமோ வீட்டுத்திட்டமோ எந்தப் படிவமானாலும் எழுதுவது அவள்தான். அவள் விரல் காட்டுகிற இடத்தில் அவர் கையெழுத்து வைப்பார். கண் மங்கி ஆறு வருடம். "எனக்கேன் கண்ணாடி, பிள்ளை இருக்கிறாள்தானே" என்பார்.

"தயாபரன் எண்டு எழுது, பிள்ளை."

பேனையை அவள் கையில் எடுத்தாள். கட்டம் வெறுமையாக இருந்தது. எந்தப் பெயரை எழுதினாலும் அவள் விரல் காட்டுகிற இடத்தில் அவர் கையெழுத்து வைக்கத்தான் போகிறார். உத்தியோகத்தர் அடுத்த கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு வரி, ஒரு நிமிடம், பிறகு ஆருக்குத் தெரியப்போகிறது? அவள் பேனையைப் படிவத்தின் மேல் வைத்தாள்.

"அப்பா, எனக்கு அந்த வீடு வேணும்."

குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. பின்னால் நின்ற வரிசை கதையை நிறுத்தியது.

"நீ அதிலதானே இருக்கிறாய்?"

"அண்ணா இருக்க விடுறார் எண்டு இருக்க எனக்கு விருப்பமில்லை. என்ர எண்டு வேணும்."

அப்புத்துரை சுற்றிப் பார்த்தார். தெரிந்த முகங்கள் எத்தனை என்று மங்கல் கண்ணால் அவருக்கு மட்டுக்கட்ட முடியவில்லை. "ஆம்பிளைப் பிள்ளை இருக்க… ஊர் என்ன கதைக்கும்? உதை வீட்டில கதைப்பம். இப்ப நீ எழுது. நீதானே எல்லாம் எழுதுறனி."

"ஓம், எல்லாம் நான்தான் எழுதினனான். அண்ணான்ர பேரை நான் எழுதமாட்டன். என்ர பேரையும் களவா எழுதமாட்டன். இதை நீங்கள் எழுதுங்கோ."

"எனக்குக் கண் தெரியாதெல்லே."

உத்தியோகத்தர் தலையை நிமிர்த்தினார். சுதாஜினி தான் போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றினாள். சேலைத் தலைப்பால் துடைத்து, தகப்பனின் மூக்கில் வைத்து, ஒரு காதில் கொழுவி, மற்றக் காதிலும் கொழுவினாள். பேனையை அவர் விரல்களுக்குள் வைத்து மூடினாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு அந்தப் படிவம் வெறும் வெள்ளையாகத்தான் தெரிந்தது. அவள் குனிந்து பார்க்கவுமில்லை. மின்விசிறிக் காற்றில் தாள் எழும்பாமல் அதன் மூலையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.