ஈயின் இறக்கையும் மாப்பிள்ளையின் சுழியும்

எங்கள் சித்தி கிருஷ்ணம்மாள் மாடு வாங்கப் போனாலும் மாப்பிள்ளை பார்க்கப் போனாலும் முதலில் சுழியைத்தான் பார்ப்பாள். வாலிகண்டபுரத்தில் அவள் உதட்டைப் பிதுக்கிய மாடு விலைபோனதில்லை. அப்பேர்ப்பட்டவளின் மகள் மணிமொழி, எறையூர் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் அறிவழகனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். ஜாதகம்கூடப் பொருந்திவிட்டது. பையன் ஆசீர்வாதம் வாங்கக் குனிந்தான், உச்சந்தலையில் இரட்டைச் சுழி.

"ரெண்டு சுழின்னா ரெண்டு தாலி. இது வேணாம்."

மணிமொழி திருச்சியில் பழ ஈக்களை வைத்து ஆராய்ச்சி செய்கிறவள். மக்காச்சோளம் காயும் களத்தில் அம்மாவை உட்காரவைத்து, போனில் ஈயின் இறக்கைப் படத்தைக் காட்டினாள். மயிரெல்லாம் சீவிவிட்டது போல ஒரே பக்கம் பார்த்தன. அடுத்த படத்தில் சுழி சுழியாக இருந்தன.

"ஒவ்வொரு செல்லு மேலயும் ஏற்பின்னு ஒண்ணு இருக்கும்மா. சேதி சொல்ற புரதத்த அது புடிச்சு வச்சுக்கும். புடியில இல்லாம மிஞ்சுறத செல்லே சிதைச்சிடும். ஏற்பி இல்லன்னா அந்த அளவு கெட்டு, மயிரு இப்படி சுழிச்சுக்கும். அவ்ளோதான்."

சித்தி சந்தையில் மாட்டைப் பார்ப்பது போலவே படத்தைப் பார்த்தாள். "இந்த ஈக்கு எத்தன பொண்டாட்டி?"

மணிமொழிக்குப் பொய் வராது. "நெறைய. ஆனா சுழி இல்லாத ஈக்கும் நெறையதாம்மா."

"பாத்தியா" என்றாள் சித்தி. முதல் பாதியோடு காதை மூடிக்கொண்டுவிட்டாள். படித்த பெண், பாவம், அழுதேவிட்டாள்.

அதைத் தாங்காமல்தான் சித்தி தன் கொண்டையை அவிழ்த்துக் குனிந்தாள். "எனக்கே ரெண்டு சுழிடி. பொண்ணு பாக்க வந்தப்ப எங்கம்மா பூவ வச்சு மறைச்சிட்டா. உங்கப்பா ஆலத்தியூருக்கு லாரி எடுத்துட்டுப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுக் கெடப்பேன். அந்தப் பயம் உனக்கு வேணாம்."

சோளத்தைக் கிளறிக்கொண்டிருந்த சித்தப்பா அய்யம்பெருமாள் நிமிரவில்லை. "கல்யாணத்துக்கு மறுநாளே நீ தல துவட்டுறப்ப பாத்துட்டேன். சொன்னா பயப்படுவியேன்னு சொல்லல."

சித்தி அவரையே பார்த்தாள். கண் கலங்கியது. பிறகு, இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்ததற்காக அவரைத் திட்ட ஆரம்பித்தவள், தொண்டை கட்டும்வரை நிறுத்தவில்லை.

கடைசியில் மகளிடம் திரும்பினாள்.

"நிச்சயத்துக்கு அந்தப் பையனத் தலப்பாக் கட்டிக்கிட்டு வரச் சொல்லு. எங்கண்ணன் சுழி பாக்குற ஆளு."